விழுந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்துப் போங்கள்

பல் வலித்தாலோ பல்லில் அடிபட்டாலோ, பல் டாக்டரிடம் போய்ச் சேரும் வரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பல் வலியைவிட அடிபட்ட பல்லைத்தான் அதிகம் பார்க்கிறேன். நிமிடங்கள் முக்கியம் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

போன வருடம் கபடி ஆடும்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு முன்பல் வேரோடு வந்துவிட்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் "பல்லு போச்சு சார்" என்றார்கள். போகவில்லை. வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய சதை உயிரோடு இருந்தால் பல்லை அதே குழியில் பொருத்திவிடலாம். காயவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சதை பெரும்பாலும் செத்துவிடும்.

மண்ணில் கிடந்த பல்லை, வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்தேன். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. அப்போதே குழியில் திரும்ப வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்வதுதான் மிக நல்லது. இவன் பயத்தில் வாயைத் திறக்கவே இல்லை. அதனால் டீக்கடையில் பால் வாங்கி வரச் சொன்னேன். அடுப்பில் கொதிக்கும் பால் ஆகாது, ஃப்ரிட்ஜில் இருக்கும் பாக்கெட் பால் வேண்டும். கொஞ்சம் பால் விட்டு மண்ணை அலசி, மீதிப் பாலில் பல்லைப் போட்டுக்கொண்டு தர்மபுரிக்குக் கிளம்பினோம். டாக்டர் பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரத்துக்குக் கம்பி கட்டிவிட்டார். இன்று அந்தப் பல்லால்தான் கரும்பு கடிக்கிறான்.

பல்லைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது, கீழே வளரும் பல்லுக்குக் கேடு. அடிபட்டவர் மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை அப்புறம் பார்க்கலாம், முதலில் பெரிய ஆஸ்பத்திரி.

சொத்தைப் பல் வலிக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். பஞ்சில் துளி கிராம்பு எண்ணெய் தொட்டுச் சொத்தைக்குள் வைக்கலாம். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு, ஈறு வெந்து புண்ணாகிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கலந்து கொடுக்கும் செட் மாத்திரையும் வேண்டாம். நம் மாவட்டத்து நிலத்தடித் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதனால்தான். அதற்காகப் பல்லில் எது வந்தாலும் "தண்ணியால வந்தது" என்று சொத்தையையும் வைத்தியம் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான்.

கன்னம் வீங்கினால் ஒத்தடம் என்று சூடு வைக்காதீர்கள், ஐஸைத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள். வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நடு ராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிட்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.