பழிவாங்கவில்லை, எல்லை போடுகிறது

புதுப் பூனைக்குட்டி வந்ததிலிருந்து உங்கள் 5 வயதுக் கடுவன் பூனை கதவிலும் உங்கள் பையிலும் மூத்திரம் அடிக்கிறது, பழிவாங்குகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழி எல்லாம் இல்லை. இது என் இடம் என்று வாசனையால் எல்லை போடுகிறது. வழக்கமாக உட்காரும் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தால் நமக்கே சுருக்கென்கிறது, பூனை பாவம்.

நின்றபடி, வால் நுனி நடுங்க, பின்பக்கமாகப் பீய்ச்சினால் எல்லை போடுவதுதான். குந்தி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனால் நோய். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருத்தடை ஆகவில்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். பெரும்பாலான கடுவன்கள் அதன்பின் நிறுத்திவிடும், அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் குட்டியைத் தனி அறையில் வையுங்கள். பெரியதன் கன்னத்தில் தேய்த்த துணியைக் குட்டிக்கும், குட்டியின் கன்னத்தில் தேய்த்ததைப் பெரியதற்கும் முகரக் கொடுங்கள். வாசனை பழகிய பிறகு முகம் பார்க்கட்டும். மூத்திரம் பட்ட இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்கவே துடைக்காதீர்கள், அதுவே மூத்திர வாடைதான்.