கார் இல்லாமல் ஓர் ஆங்கிலச் சந்தை ஊர்: லட்லோவுக்கு இரண்டு நாள்

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மே மாதம் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். இருவருக்கும் அறுபது வயது கடந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா சுத்த சைவம். பழைய சந்தை ஊர் ஒன்றையும் அதைச் சுற்றியுள்ள கிராமப்புறத்தையும் அவர்களுக்குக் காட்ட ஆசை. என்னிடம் கார் இல்லை. ஒரே நாளில் போய்வர முடியுமா? வயல்களுக்குள் நடக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?”

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தின் தென்கோடியில் இருக்கும் லட்லோவுக்கு அழைத்துப் போங்கள். மான்செஸ்டர் பிக்கடிலியிலிருந்து கார்டிஃப் பக்கம் போகும் ரயில்களில் பல அங்கே நிற்கின்றன. மாறாமல் போனால் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். ஒரே நாளில் போய்வர முடியும் என்றாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே நாள் என்றால் கோட்டையையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும், கிராமப்புறம் ஜன்னலோடு நின்றுவிடும். லட்லோவின் கல்லும் மரமும் எழுந்ததே சுற்றியுள்ள குன்றுகளில் மேய்ந்த ஆடுகளின் கம்பளியால்தான். மேய்ச்சல் நிலத்தில் கால் வைக்காமல் அந்த ஊரைப் பார்த்து முடித்ததாகச் சொல்ல முடியாது. ஓர் இரவு தங்குங்கள்.

எந்த நாள் என்பது முக்கியம். கோட்டை வாசலுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் திறந்தவெளிச் சந்தை கூடுகிறது. எனவே வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்புங்கள். சனி, ஞாயிறு என்று போட்டால் ஞாயிறன்று பாதிக் கடைகள் மூடியிருக்கும், பஸ்ஸும் அரிது, தண்டவாளப் பராமரிப்பு வேலைகளும் பெரும்பாலும் அன்றுதான் நடக்கும். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் பொது விடுமுறை. அந்த வார இறுதிகளில் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

டிக்கெட் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அறுபது வயது கடந்த எவரும், வெளிநாட்டவரானாலும், பாஸ்போர்ட்டைக் காட்டி ‘சீனியர் ரயில்கார்டு’ வாங்கலாம். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். உங்கள் பெற்றோர் இன்னும் இரண்டு மூன்று ரயில் பயணம் செய்வதாக இருந்தால் கார்டின் விலை எளிதில் திரும்பிவிடும். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் ‘அட்வான்ஸ்’ டிக்கெட் மலிவுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு வழியில் இறங்கி ஏற முடியாது. திரும்பும்போது உங்களுக்கு வழியில் இறங்கும் வேலை இருக்கிறது. ‘ஆஃப்-பீக்’ (நெரிசல் நேரம் தவிர்த்த) இருவழி டிக்கெட் எடுங்கள். நடுவில் இறங்க அனுமதி உண்டா என்று வாங்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரயில் நிலையத்திலிருந்து சதுக்கம் நடந்து போகும் தொலைவுதான், ஆனால் ஏற்றம். அப்பாவுக்கு முதலிலேயே முழங்கால் பிடித்துக்கொள்ள வேண்டாம், மேலே போக ஒரு டாக்ஸி சொல்லிவிடுங்கள். சந்தையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, காய்கறி, நாற்றுச் செடிகள், பழைய சாமான்கள் எல்லாம் இருக்கும். மதியத்துக்கு மேல் கடைகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் சந்தையை முதலில் முடித்துவிடுங்கள்.

அங்கிருந்து சில அடி தூரத்தில் புனித லாரன்ஸ் தேவாலயம். சுமார் 41 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறும் எண்ணத்தை அப்பா விட்டுவிடட்டும், பார்க்க வேண்டியது கீழேயே இருக்கிறது. பாடகர் குழு அமரும் மர இருக்கைகளின் பலகையைத் தூக்கினால், அடிப்புறத்தில் இடைக்காலத் தச்சர்கள் செதுக்கிய உருவங்கள் தெரியும். மொத்தம் 28. அவற்றுள் ஒன்றில், அளவைக் குறைத்து மது விற்ற பெண்ணைப் பேய் ஒன்று தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகிறது. வெளியே சந்தை, உள்ளே அளவில் ஏமாற்றுகிறவர்களுக்கு எச்சரிக்கை! இவ்வூர் மக்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை அந்த ஒரு மரத்துண்டு சொல்லிவிடுகிறது. குனிந்து, நிதானமாகப் பாருங்கள்.

கோட்டை தனியாருக்குச் சொந்தமானது. ஆகவே பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் ‘நேஷனல் டிரஸ்ட்’, ‘இங்கிலிஷ் ஹெரிடேஜ்’ அமைப்புகளின் உறுப்பினர் அட்டைகள் இங்கே செல்லாது. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி லாசி குடும்பம் கட்டத் தொடங்கியது. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502 ஏப்ரலில் இங்கேதான் இறந்தார். அவருடைய இளம் மனைவி கேத்தரீன் பிறகு எட்டாம் ஹென்றியை மணந்ததும், அந்த மணம் முறிந்தபோது இங்கிலாந்தின் மதமே மாறியதும் பலரும் அறிந்த கதை. தமிழர்களுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது, வழிகாட்டிகள் அதை அதிகம் சொல்வதில்லை. 1811-இல் இந்தக் கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை மதராஸ் ஆளுநராக இருந்தவர். கட்டபொம்மன் 1799-இலும் மருது சகோதரர்கள் 1801-இலும் தூக்கிலிடப்பட்டது அவருடைய ஆட்சிக் காலத்தில்தான். மதுரையிலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் அந்த வாசலைக் கடக்காதீர்கள். இன்னொரு நாள் கிடைத்தால், வேல்ஸ் எல்லைக்குள் வெல்ஷ்பூல் அருகே இருக்கும் போவிஸ் கோட்டையையும் பார்க்கலாம். கிளைவ் குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பொருட்கள், திப்பு சுல்தானுடையவை உட்பட, அங்கே இருக்கின்றன.

மாலையில் பிராட் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடங்கள். சரிவான தெரு, இருபுறமும் வெவ்வேறு நூற்றாண்டுகளின் வீடுகள், அடியில் பழைய நகர்மதிலின் வாசல். 1619-ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘ஃபெதர்ஸ்’ விடுதியின் மர முகப்பு வேறு தெருவில் இருக்கிறது, அதையும் விட்டுவிட வேண்டாம். மே மாதத்தில் எட்டரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அப்பாவும் அம்மாவும் டின்ஹாம் பாலத்தருகே ஆற்றங்கரைப் புல்வெளியில் உட்காரட்டும். உங்களுக்குத் தெம்பு இருந்தால் பாலத்தைக் கடந்து விட்கிளிஃப் மேட்டில் ஏறுங்கள், டீம் ஆறும் கோட்டையும் தேவாலயக் கோபுரமும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

சாப்பாட்டு நேரம்தான் நம்மவர்களை மாட்டிவிடும். பப்களில் சமையலறை பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கு மூடினால் மாலை ஆறு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள், இரவு உணவுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். மெனுவில் சைவக் குறி இருக்கும். இருந்தாலும், சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கிறதா, இனிப்பில் ஜெலட்டின் உண்டா, கேக்கில் முட்டை உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். முட்டை அங்கே சைவக் கணக்கில்தான் சேரும். பாலாடைக்கட்டிகள் சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி இருக்கும். சந்தைக் கடைக்காரரிடம் கேட்டால் எது சைவம் என்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

சனிக்கிழமை காலை வடக்கே அடுத்த நிலையமான கிரேவன் ஆர்ம்ஸில் இறங்குங்கள். ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. எல்லா ரயிலும் அங்கே நிற்காது என்பதால் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அது மான்செஸ்டர் திரும்பும் வழியிலேயே இருக்கிறது, சிறு பைகளோடு வந்தால் லட்லோவுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைலில் ஸ்டோக்சே மாளிகை. கட்டியவர் லட்லோவின் லாரன்ஸ் என்ற கம்பளி வணிகர், மன்னருக்கே கடன் கொடுத்தவர். 1291-இல் மதில் எழுப்ப அரச அனுமதி பெற்றார், 1294-இல் கம்பளிக் கப்பலோடு கடலில் மூழ்கி இறந்தார். கூடத்தின் நடுத்தரையில் எண்கோண அடுப்பு, அண்ணாந்தால் அதன் புகை படிந்த உத்தரங்கள். மாடிப்படிகள் பழைய மரம், அப்பா கூடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது இங்கிலிஷ் ஹெரிடேஜ் பராமரிப்பில் உள்ளது. திறக்கும் நாட்களைப் புறப்படுமுன் சரிபாருங்கள்.

இனி வயல். அனுமதி தேவையில்லை. ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்று பலகை இருக்கும் பாதை தனியார் நிலத்தின் வழியே போனாலும், அதில் நடக்கும் உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் தருகிறது. கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடைபாதை, நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரும். உரிமை பாதைக்கு மட்டும்தான், விலகி வயலில் இறங்கக் கூடாது. பயிர் நடுவே பாதை போனால் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். திறந்திருந்த கதவைத் திறந்தபடியே, மூடியிருந்ததை மூடியே விட்டுச் செல்வது அங்கே கண்டிப்பான மரியாதை. கன்றுள்ள பசுக்கள் நின்றால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகாமல், தள்ளி, அமைதியாகச் சுற்றிப் போங்கள்.

முழங்கால் வலிக்காரருக்கு உண்மையான தடை வேலி தாண்டும் மரப்படிகள்தான். ஒரு காலை உயரத் தூக்கிப் பலகையில் ஏறி, மறுபுறம் இறங்க வேண்டும். அதனால் உங்கள் பெற்றோருக்குக் கிரேவன் ஆர்ம்ஸில் உள்ள ஷ்ராப்ஷயர் குன்றுகள் மையத்தைச் சொல்கிறேன். பின்னால் ஆனி ஆற்றங்கரைப் புல்வெளியில் சமதளப் பாதைகள் இருக்கின்றன, உட்கார்ந்து தேநீர் குடிக்கவும் இடம் உண்டு. மழை பெய்திருந்தால் சேறு கணுக்கால் வரை வரும், செருப்பு உதவாது. பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, மழைச்சட்டை, மெல்லிய கம்பளி மேலாடை, இவை மூன்றும் ஆளுக்கொன்று இருக்கட்டும்.

நேரம் மிஞ்சினால் அடுத்துள்ள சர்ச் ஸ்ட்ரெட்டனில் இறங்கிக் கார்டிங் மில் பள்ளத்தாக்கின் வாய் வரை டாக்ஸியில் போகலாம். ஆனால் நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டால் அதை விட்டுவிடுங்கள். சில நேரங்களில் ஷ்ரூஸ்பரியில் ரயில் மாற வேண்டியிருக்கும், பெரியவர்களோடு அங்கே ஓடாமல் மாறுவதற்கு இருபது நிமிடமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.