கேளுங்கள், கேட்கிறேன்

இருபத்தாறு வருடமாகப் படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவு செய்கிறேன். முதல் ஒன்பது வருடம் பூம் பிடித்தேன். நீண்ட கம்பின் நுனியில் மைக்கை மாட்டி, நடிகர்களின் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு நிற்கிற வேலை அது. அப்புறம்தான் ரெக்கார்டர் என் கைக்கு வந்தது. செட்டைப் பற்றியும் சினிமா பார்ப்பதைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஷூட்டிங் பார்க்கப் போயிருந்தேன். காட்சி முடிந்ததும் ஒருவர் "யாரும் அசையாதீங்க" என்றார். முப்பது பேரும் ஒரு நிமிடம் சிலை மாதிரி நின்றார்கள். யாருக்காவது அஞ்சலி செலுத்தினார்களா?
– கல்லூரி மாணவி ஒருவர்

அஞ்சலி இல்லை அம்மா. ஆனால் அந்த நிமிடத்தின் அமைதி உங்களுக்கு அப்படித் தோன்றியதில் எனக்குச் சந்தோஷம். அதற்கு ரூம் டோன் என்று பெயர். யாரும் பேசாமல், நாற்காலி நகராமல், அந்த அறை மட்டும் ஒலிப்பதைப் பதிவு செய்கிறோம். முப்பது வினாடி போதும் என்பார்கள். நான் ஒரு நிமிடம் கேட்டு வாங்குவேன்.

ஒன்றுமில்லாததை எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிதாக வருகிற உதவி இயக்குநர்கள் கேட்பதுண்டு. எந்த அறையும் சும்மா இருப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே தூரத்துச் சாலை, விளக்குகளின் மெல்லிய ரீங்காரம், பக்கத்து அறையில் ஓடும் ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு முனகல் உண்டு. இரண்டு வசனங்களுக்கு நடுவே யாரோ இருமிவிட்டார்கள் என்று வையுங்கள். எடிட்டர் அந்த இருமலை வெட்டி எடுத்ததும் அங்கே ஓட்டை விழும். ஓட்டையை அப்படியே விட்டால் தியேட்டரில் ஸ்பீக்கர் செத்துவிட்ட மாதிரி இருக்கும். அதே அறையின் முனகலை வைத்து அடைத்தால் யாருக்கும் தெரியாது. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு எடுத்தால் என்ன என்றும் கேட்பார்கள். கூடாது. முப்பது பேருடைய உடம்பும் உடுப்பும் ஒலியை உறிஞ்சுகின்றன. அவர்கள் போய்விட்டால் அறையின் குரலே மாறிவிடும்.

ஒரு படத்தில் இதை நான் கோட்டை விட்டேன். இரவு இரண்டு மணி, வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், பேக்கப்" என்றார் இயக்குநர். எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள், நானும் வற்புறுத்தவில்லை. மூன்று மாதம் கழித்து எடிட்டில் பார்த்தால், தாயும் மகளும் பேசுகிற காட்சி. தாய் பேசி முடித்துவிட்டு, அழாமல் தன்னைப் பிடித்து நிறுத்துகிறார். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சரியாக அந்த இடத்தில் கேமரா ட்ராலி கிரீச்சிட்டிருந்தது. கிரீச்சை எடுத்துவிடலாம், அந்த இடத்தில் எதை வைப்பது? ஒவ்வொரு டேக்கிலும் "ஆக்‌ஷன்" சொல்வதற்கு முன்னால் இருந்த அரை வினாடி, முக்கால் வினாடித் துண்டுகளைப் பொறுக்கினோம். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் காதுக்குத் தாளம் மாதிரி துடிக்கும் என்பதால், பதினொரு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைத்து ஒட்டினோம். ஐந்து வினாடிக்கு முழுதாக ஒரு நாள். பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு மட்டும் அந்த ஒட்டு இன்னும் கேட்கிறது. அதன் பிறகு ரூம் டோன் எடுக்காமல் எந்த இடத்தை விட்டும் நான் கிளம்பியதில்லை.

செட்டில் நீங்கள் பேசிக்கொள்வது தனி பாஷையாக இருக்கிறதே. கொஞ்சம் எங்களுக்கும் சொல்லித் தரக்கூடாதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

தாராளமாக. செட்டில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். பாதிப் பேச்சு வாக்கி டாக்கியில் போகும், நீட்டிப் பேச நேரம் இருக்காது. சில சொற்கள் பாதுகாப்புக்காகவே உண்டானவை. பெரிய விளக்கைப் போடுகிறவர் "ஸ்ட்ரைக்கிங்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கண் கூசிப்போகும். நீளமான ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் "பாயின்ட்ஸ்" என்பார், உடனே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கேமராவுக்குக் குறுக்கே நடப்பவர் "கிராஸிங்" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

எனக்குப் பிரியமான சொல் "ஸ்பீட்". "ரோல் சவுண்ட்" என்று உதவி இயக்குநர் சொன்னதும் ஒலிப்பதிவாளர் திருப்பிச் சொல்ல வேண்டிய பதில் அது. டேப் ஓடிய காலத்தில் மோட்டார் சரியான வேகத்துக்கு வர ஓரிரு வினாடி பிடிக்கும். வந்துவிட்டது, இனி நீங்கள் தொடங்கலாம் என்று அர்த்தம். இன்று பட்டனைத் தொட்டவுடன் கார்டில் பதிவாகத் தொடங்கிவிடுகிறது, எந்த வேகத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் நான் "ஸ்பீட்" என்றுதான் சொல்கிறேன். அதைக் கேட்டதும் நடிகர் ஒருமுறை மூச்சு இழுத்துக்கொள்வது என் ஹெட்போனில் கேட்கும். அந்த மூச்சுக்காகவே சொல்லலாம்.

கிளாப் அடித்தது சரியாக விழவில்லையென்றால் "செகண்ட் ஸ்டிக்ஸ்" என்று மறுபடி அடிப்பார்கள். குழந்தையோ விலங்கோ நடிக்கும்போது தொடக்கத்தில் அடித்தால் மிரண்டுவிடும். அதனால் ஷாட் முடிந்த பிறகு பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பதுண்டு, அது "டெயில் ஸ்லேட்". காற்றுச் சத்தம் புகாமல் மைக்குக்குப் போடும் முடி வைத்த உறைக்கு "டெட் கேட்", செத்த பூனை என்று பெயர். பார்த்தால் உங்களுக்கே காரணம் புரியும். "ஆப்பிள் பாக்ஸ்" என்பது 20 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 8 அங்குல உயரம் உள்ள மரப்பெட்டி. அதில் பாதி உயரம் "ஹாஃப் ஆப்பிள்", அதிலும் பாதி "குவார்ட்டர்", ஓர் அங்குலப் பலகை "பேன்கேக்". உயரம் குறைந்த நடிகரை ஏற்றி நிறுத்தவும், ஆடுகிற மேசையை மட்டப்படுத்தவும், நாள் முழுக்க நின்றவர் உட்காரவும் இதுதான்.

அன்றைய நாளின் கடைசிக்கு முந்தைய ஷாட்டுக்கு "ஆபி சிங்கர்" என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவில் உதவி இயக்குநராகவும் தயாரிப்பு நிர்வாகியாகவும் இருந்தவர், 2014-ல் காலமானார். "இதுவும் இன்னும் ஒன்றும்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாராம். அடுத்த இடத்துக்கு மாற வேண்டிய ஆட்கள் அப்போதிருந்தே சாமான்களைக் கட்டத் தொடங்குவார்கள். கடைசி ஷாட் "மார்ட்டினி". மார்ட்டினி ஒரு மது, ஒரு மடக்கு மதுவுக்கும் ஷாட் என்றுதான் பெயர். அதற்கடுத்த ஷாட் கிளாஸில் வரும் என்று அர்த்தம். மற்றவர்களின் நேரத்தை மதித்ததற்காக ஒருவர் பெயர் தினமும் சொல்லப்படுவதை நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

தியேட்டரில் பின்வரிசையில் உட்கார்ந்தால் உதடும் குரலும் ஒட்டாது என்கிறான் நண்பன். உண்மையா?
– பள்ளி மாணவன் ஒருவன்

கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். வகுத்தால் ஒரு ஃபிரேம் நேரத்தில் ஒலி சுமார் 14 மீட்டர் நகர்கிறது. திரையிலிருந்து 28 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் குரல் இரண்டு ஃபிரேம் தாமதமாக வந்து சேரும். நண்பன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. மின்னலுக்குப் பிறகு இடி கேட்டே வளர்ந்தவர்கள் நாம், ஒலி பிந்தினால் மூளை பொறுத்துக்கொள்ளும். ஒலி முந்தினால்தான் உடனே உறுத்தும்.

என் மகன் உதவி ஒளிப்பதிவாளராக இருக்கிறான். சில நாள் பதினாறு மணி நேரம் வேலை செய்துவிட்டு, விடியற்காலையில் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறான். "சினிமான்னா அப்படித்தாம்மா" என்கிறான். அப்படித்தானா?
– ஒரு தாய்

அப்படித்தான் நடக்கிறது. அப்படி நடக்கக் கூடாது.

1997-ல் அமெரிக்காவில் ஓர் உதவி ஒளிப்பதிவாளர் 19 மணி நேர வேலைக்குப் பிறகு வீட்டுக்குக் கார் ஓட்டிச் சென்றார். வழியில் தூக்கத்தில் கண் அயர்ந்து, விபத்தில் இறந்துபோனார். இரண்டு முறை ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் அந்தச் சாவைக் கடந்துபோக மறுத்துவிட்டார். பன்னிரண்டு மணி நேர வேலை, அடுத்த வேலைக்கு முன் பன்னிரண்டு மணி நேர ஓய்வு, சாப்பாட்டு இடைவேளை இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை என்று பிரசாரம் செய்தார். தூக்கமில்லாத படப்பிடிப்புகளைப் பற்றி 2006-ல் ஓர் ஆவணப்படமும் எடுத்தார். அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல்.

உங்கள் மகனிடம் இதைக் காட்டுங்கள். பதினான்கு மணி நேரம் தாண்டிய நாளில் வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். தயாரிப்பு நிர்வாகியிடம் வண்டியோ, படுக்க இடமோ கேட்பது அவனுடைய உரிமை. கேட்கக் கூச்சமாக இருந்தால் யூனிட்டில் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்கட்டும். பதினைந்தாவது மணி நேரத்தில் எடுத்த டேக்குகளை நான் மறுநாள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். என் கை தவறிய இடம், ஃபோகஸ் பிடித்தவரின் கண் தவறிய இடம் எல்லாம் அந்த நேரத்தில்தான் இருக்கும். மனிதர்களை வதைத்துப் படத்துக்கும் லாபம் இல்லை. நீங்கள் விழித்திருந்து கவலைப்படுவது நியாயம் அம்மா, அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நல்ல படங்களை ரசிக்கக் கற்றுக்கொள்ள என்ன படிக்க வேண்டும்?
– பெயர் எழுதாத வாசகர்

படிப்பது பிறகு. முதலில் உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கண்ணை மூடியபோது கதவு எந்தப் பக்கம் திறந்தது? வெளியே மழையா, வெயிலா? அடுத்த காட்சியின் சத்தம் படம் மாறுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டதா? இதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்கிறார்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955-ல் வந்தது. அதில் வெளியூர் போயிருந்த தந்தை நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறார். மகள் இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கு என்று வாங்கிய புடவை கைக்கு வந்ததும் தாய் உடைந்துபோகிறாள். அழுகிறாள், ஆனால் அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்கிற, வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியத்தின் உச்ச ஸ்வரம் ஒன்று கிழித்துக்கொண்டு வருகிறது. முதன்முறை பார்த்தபோது அது இசை என்றே எனக்குத் தோன்றவில்லை, அந்தத் தாயின் தொண்டையிலிருந்து வருகிறது என்றே நினைத்தேன். ஓர் அழுகையைப் பதிவு செய்வது என் தொழில். அந்த அழுகையை எடுத்துவிட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நான் சொன்ன மூன்று வகையிலும் அந்தக் காட்சியைப் பாருங்கள். அதன் பிறகு எந்தப் புத்தகத்தையும் எடுக்கலாம், எல்லாமே புரியும்.

படம் பார்க்கும்போது உங்களால் கதையில் மூழ்க முடிகிறதா?
– இல்லத்தரசி ஒருவர்

நல்ல படமென்றால் பத்தாவது நிமிடத்தில் மைக் மறந்துவிடும். கடைசிவரை மறக்கவில்லையென்றால் படத்தில்தான் ஏதோ குறை.

என் அப்பா பூம் ஆபரேட்டராக இருந்தார். போன வருடம் இறந்துவிட்டார். அவர் வேலை செய்த படங்களைத் தேடிப் பார்க்கிறேன். எதிலும் அவர் தெரிவதில்லை. அவரை எங்கே தேடுவது?
– ஒரு மகன்

இந்தக் கடிதத்தை நான்கு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன்.

முதலில் அந்தப் படங்களில் எவை நேரடி ஒலிப்பதிவில் எடுத்தவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். டப்பிங் செய்த படங்களில் செட்டின் ஒலி பெரும்பாலும் மிஞ்சியிருக்காது. மற்றவற்றில், இரண்டு பேர் ஒரே ஷாட்டில் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுடைய தலைக்கு இரண்டு மூன்று அடி மேலே, ஃபிரேமின் விளிம்பைத் தொடாமல், நிழல் சுவரில் விழாமல் உங்கள் அப்பாவின் மைக் நின்றிருக்கும். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்குள் அதைத் திருப்பியாக வேண்டும். தொடங்கிய பிறகு திருப்பினால் முதல் சொல் மங்கிவிடும். அதற்காக எல்லோருடைய வசனத்தையும் நாங்கள் மனப்பாடம் செய்வோம். அது போதாமல் போனால் நடிகரின் தோள் லேசாக எழும்புவதைப் பார்த்து, அந்த மூச்சுக்கே மணிக்கட்டைத் திருப்புவோம். பதிலின் முதல் சொல் தெளிவாக விழுகிற ஒவ்வோர் இடத்திலும் உங்கள் அப்பாவின் மணிக்கட்டு இருக்கிறது.

இன்னோர் இடமும் உண்டு. ராத்திரி வீடு அடங்கிய பிறகு ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். வசனம் நின்று, அடுத்த வசனம் வருவதற்கு முன் இருக்கும் அந்த இடைவெளியில் லேசாக ஓர் அறையின் முனகல் கேட்கும். அதைப் பதிவு செய்த நிமிடத்தில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். உங்கள் அப்பாவும் இரண்டு கைகளாலும் கம்பை ஏந்தி, மூச்சை மெல்ல விட்டபடி அந்த அறையில்தான் நின்றிருந்தார். அந்த இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்.