லினக்ஸுக்கு ஏற்ற மடிக்கணினி: மலிவான புதியதா, தரமான பழையதா?

கேள்வி: எழுதுவதற்கும் இணையம் பார்ப்பதற்கும், ஓரளவு நிரல் எழுதிப் பழகுவதற்கும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய மடிக்கணினி ஒன்று தேவைப்படுகிறது. அதிகம் செலவிட இயலாது. ஆனால் ஐந்தாறு ஆண்டுகளாவது உழைக்க வேண்டும். விலை குறைந்த புதியதை வாங்கலாமா, பிறர் பயன்படுத்தியதை வாங்கலாமா?

பதில்: பயன்படுத்தியதையே வாங்குங்கள், ஆனால் அது நிறுவனங்களுக்கென்று தயாரிக்கப்பட்ட வரிசையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலீட்புக் ஆகியவற்றை அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுவதால், அவை நல்ல நிலையிலேயே மறுவிற்பனைக்கு வருகின்றன. கீல், விசைப்பலகை, பேட்டரி போன்ற உதிரிப் பாகங்களும் பல ஆண்டுகள் கிடைக்கும். மிக மலிவான புதிய கணினிகள் பலவற்றிலோ ரேமும் சேமிப்பகமும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் ஒன்றையும் கூட்ட முடியாது.

விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை (புராசஸர்களை) பெரும்பாலும் ஏற்பதில்லை; விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. லினக்ஸுக்கு இந்தத் தடை இல்லை என்பதால் ஏழாம் தலைமுறைக் கணினிகள் உங்களுக்கு ஆதாயமாகத் தோன்றலாம். இருப்பினும் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. மெல்லிய மடிக்கணினிகளுக்கான ஐ5 செயலிகள் இரண்டு கோர்களிலிருந்து (கணக்கிடும் அலகுகள்) நான்குக்கு உயர்ந்தது அதில்தான். எடுத்துக்காட்டாக, 2018-இல் வெளிவந்த திங்க்பேட் டி480-இல் இரண்டு ரேம் இடங்களும், வெளியிலிருந்தே கழற்றக்கூடிய பேட்டரி ஒன்றும் உண்டு. டி480எஸ் என்பது வேறு: அதில் ரேமின் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டது, பேட்டரியும் உள்ளேயே இருக்கும். விளம்பரங்களில் அந்த ஓர் எழுத்து எளிதில் விடுபட்டுவிடுகிறது.

கிராபிக்ஸைப் பொறுத்தவரை இன்டெல் அல்லது ஏஎம்டி போதும். அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே உள்ளன. தனி என்விடியா அட்டை உங்கள் வேலைகளுக்குத் தேவையில்லாத தொல்லை. வைஃபை அட்டை இன்டெலுடையதாக இருப்பது நல்லது. பிராட்காம் அட்டைகள் சிலவற்றுக்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டியிருக்கும். கைரேகை உணரி லினக்ஸில் இயங்காமல் போகலாம். அதற்காக நல்ல கணினியை விட்டுவிட வேண்டாம்.

பணம் கொடுக்குமுன், லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி எடுத்துச் சென்று, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியை இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, எல்லா யுஎஸ்பி துளைகள் ஆகியவற்றோடு, மூடியைச் சாத்தித் திறந்தால் கணினி ஒழுங்காக விழித்தெழுகிறதா என்பதையும் சோதியுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள்ளும் நுழைந்து பாருங்கள். முந்தைய நிறுவனத்தின் கடவுச்சொல் அங்கே குறுக்கிட்டால், விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் வாங்காதீர்கள். சில மாடல்களில் அதை நீக்க மதர்போர்டையே மாற்ற நேரிடும். பேட்டரி தேய்ந்திருப்பது இயல்பே. மின்சக்தி விவரங்களைக் காட்டும் மென்பொருளில், அதன் தற்போதைய முழுக் கொள்ளளவைத் தொடக்கக் கொள்ளளவோடு ஒப்பிட்டு, பாதியளவுக்குக் குறைந்திருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.