100 சொற்களுக்குள் கன்னியா

கேள்வி: இணையத்தில் நடைபெறும் 100 சொற் கதைப் போட்டிக்கு, இறந்த தாயின் அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியைக்காகக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்கு வரும் மகனைப் பற்றி எழுதினேன், 140 சொற்களுக்குக் கீழ் இறங்க மறுக்கிறது. சொற்களைச் சேர்த்தெழுதிக் குறைக்கலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கணினி பெரும்பாலும் இடைவெளியை வைத்தே எண்ணுவதால், 'வந்துகொண்டிருந்தான்' என்பது ஒரு சொல்லாகவும், 'வந்து கொண்டிருந்தான்' என்பது இரண்டாகவும் கணக்காகும், இலக்கணம் இடந்தரும் சேர்க்கை தவறன்று, ஆனால் எண்ணிக்கைக்காகவே எழுவாயையும் பயனிலையையும் ஒட்டினால் நடுவருக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இராவணன் தன் தாயின் ஈமக்கடன் கழிக்க இக்கிணறுகளை உண்டாக்கினான் என்ற ஐதீகத்தை விளக்கவே பாதிச் சொற்கள் போயிருக்கும் (திருகோணமலையார் எல்லோருக்கும் வரும் ஆசை இது). அதை விட்டுவிட்டு, ஏழு கிணறுகளிலும் சூடு வேறுபடுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சிறுவயதில் தாய் தன்னைக் குளிப்பாட்டிய நீரின் சூட்டை, மகன் ஒவ்வொரு கிணற்றிலும் அள்ளி அள்ளித் தேடட்டும். அவன் அழுதானா என்று எழுத வேண்டாம். விதி 'சரியாக 100' என்கிறதா, '100க்குள்' என்கிறதா, தலைப்பும் கணக்கில் சேருமா என்பவற்றை அனுப்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.