நத்தைக்குத் தாவர மருந்து: வாசகர் கேள்வி-பதில்

செந்தூல் வாசகி: ஆர்க்கிட் தொட்டிகளைச் சுற்றிக் கோப்பிச் சக்கை போடுகிறேன். நத்தை தாண்டி வந்துவிடுகிறதே?

வரத்தான் செய்யும். நத்தையைக் கொல்ல ஏறக்குறைய 2 சதவீதக் கஃபீன் கரைசல் வேண்டும். குடித்து முடித்த சக்கையில் அதெல்லாம் ஏது?

கெப்போங் வாசகர்: வேப்பெண்ணெய் தினமும் தெளித்தும் நத்தை குறையவில்லை.

எந்த நேரத்தில், எவ்வளவு என்று எழுதவேயில்லை. லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெய், 1 மி.லி. பாத்திரச் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு, வாரம் ஒருமுறை. வேப்பெண்ணெய் இலையைத் தின்னவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். கொல்லும் என்று நம்பாதீர்கள். மழை கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: டீ சீட் கேக் (தேயிலை இன விதைப் பிண்ணாக்கு) கரைத்துத் தொட்டிகளுக்கு ஊற்றினேன். பக்கத்துக் குளத்தில் கோய் மீனெல்லாம் செத்துவிட்டன. இயற்கை மருந்துதானே?

இந்த 'இயற்கை' என்ற சொல்லை நம்பித்தான் எத்தனை வீட்டு மீன்கள் போகின்றன! அந்தப் பிண்ணாக்கில் இருப்பது சபோனின், சோப்புப் போல நுரைக்கும் பொருள். நத்தையின் ஈரத்தோலில் பட்டால் நுரை நுரையாகச் சளி கக்கிச் சாகும். அதே சபோனின் மீனின் செவுளையும் அழிக்கும். இறால் குளத்தில் மீனை ஒழிக்கவே இதைப் போடுகிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் விஷம் விஷமில்லாமல் போய்விடாது.

கரைத்து ஊற்றியதுதான் உங்கள் தவறு. தொட்டியடியில் வழிந்த நீர் குளத்துக்குப் போயிருக்கும். தூளாகவே போடுங்கள்: 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, அந்தியில், ஈரமண்மேல் தூவி, மேலே லேசாக நீர் தெளித்தால் போதும். அடியில் தட்டு கட்டாயம். வானம் இருட்டியிருந்தால் அன்று தொடவே வேண்டாம். கோலாலம்பூரோ பினாங்கோ, ஒரு மழைக்கு எல்லாம் லோங்காங்கில்தான் (சாக்கடையில்தான்) சேரும். முட்டை இதற்குச் சாகாது, அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. வாங்கும்போது ஒரு சிட்டிகையைப் புட்டி நீரில் போட்டுக் குலுக்குங்கள். நுரை திரண்டு நிற்காவிட்டால் பழைய சரக்கு.

இருக்கும் குளத்து நீரை முழுதும் மாற்றுங்கள். வெளியேற்றும் நீரை மண்ணில் ஊற்றுங்கள், லோங்காங்கில் அல்ல.

ஆயர் ஈத்தாம் வாசகி: புகையிலைக் கஷாயம் தெளிக்கலாமா?

கூடாது. நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும்.

ஜெலுத்தோங் வாசகர்: பெரிய ஆப்பிரிக்க நத்தைகளைக் கையால் பொறுக்கலாமா?

மருந்தைவிட அதுவே மேல், ஆனால் கையுறை இல்லாமல் வேண்டாம். மூளையைத் தாக்கும் எலி நுரையீரல் புழு அந்த நத்தையில் இருக்கலாம். இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்கி, உப்பு நீர் வாளியில் போடுங்கள். அந்த வாளியைச் செடிப்பக்கம் கவிழ்த்துவிடாதீர்கள். தொட்டிக்கடியில் மண்ணைக் கிளறினால் மஞ்சள் மணிகளாக முட்டை கொத்துக்கொத்தாய் இருக்கும். அதையும் நசுக்கிவிடுங்கள்.