ஆராய்ச்சிக்குக் கொடுப்பது வீண் இல்லை

வணக்கம். உங்கள் அம்மாவின் நினைவாகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கத் திருவான்மியூர் குடியிருப்பில் 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறீர்கள். "நோயாளிக்குக் கொடுக்காமல் ஆராய்ச்சிக்கு எதற்கு?" என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள், என்ன சொல்வது என்று எழுதியிருந்தீர்கள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் காட்டுங்கள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1980-களில் அங்கே ஒரு புது மருந்து முறையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிழைக்கும் பிள்ளைகள் வெகுவாகக் கூடினார்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் குறித்துவைத்த வேலைதான் ஆராய்ச்சி. என் அக்கா மகனுக்கும் அதே நோய்தான். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, அடுத்த ஊசி எப்போது என்று கேட்டவன் இன்று கல்லூரிக்குப் போகிறான்.

அப்புறம் பணம். ஆராய்ச்சிக்குத் தனிக் கணக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். எதற்காகத் தருகிறீர்கள் என்று காசோலையோடு கடிதமும் வையுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது, அதனால் அவரவர் கணக்கிலிருந்தே அனுப்பட்டும்.

மார்பில் இருந்த கட்டியை அம்மா ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை என்றீர்களே. குடியிருப்புக் கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள். கஷ்டம்தான், ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் மறுநாளே டாக்டரிடம் போவார்.